இடமிருந்து வலமாக இறங்கும் கோடு

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி மட்டும்தான், மற்றபடி சுகம். உன்னை விசாரித்தார். நான் பதில் எழுதாமல் இருந்ததற்கு ஆறு பலகைகள்தான் காரணம். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

ஈப்போவில் ஒரு காப்பிக்கடை முகப்புக்கு ரப்பர் கட்டையில் பலகை கேட்டார்கள். மேலே வேலைப்பாடு வேண்டுமாம். திராட்சைக்கொடி படம் ஒன்றைக் காட்டினார்கள். எனக்கு மனம் வரவில்லை. இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த பிறகுதான் அந்த மரம் கட்டையாகிறது. அதன்மேல் எதற்குத் திராட்சை? நம் லயத்துக்குப் பின்னால் நின்ற பால்மரங்களின் பட்டையில் வரிவரியாகச் சாய்ந்து இறங்குமே, அந்தப் பால்வெட்டுக் கோடுகளைப் போடுகிறேன் என்றேன். கடைக்காரர் ஒத்துக்கொண்டார். அந்தப் பால்மரங்கள் நின்ற இடத்தில் இப்போது முழுக்கச் செம்பனைதான் (எண்ணெய்ப்பனை), தெரியுமில்லையா.

நம் இருவருக்கும் கணினி நிரல்படி வெட்டும் சிஎன்சி இயந்திரம்தான். ஜொகூரில் உன் மோல்டு (அச்சு) வேலையில் கட்டர் போன தடம் தெரியவே கூடாது. நான் அந்தத் தடத்தையே வேலைப்பாடாக விட்டுவிட்டேன். 12 மில்லிமீட்டர் உருண்டை முனைக் கட்டர். ஸ்டெப்ஓவர், அதாவது ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், 0.6 மில்லிமீட்டர் வைத்தால் இரண்டு தடத்துக்கு நடுவில் நிற்கும் வரப்பு 0.01கூட வராது. 3 வைத்தால் 0.19. 6 வைத்தால் 0.8. விரலுக்குத் தட்டுப்படும் உயரம், பக்கத்து வெளிச்சத்தில் நிழல் விழும் உயரம் அது. படம் எதுவும் வரைய வேண்டாம், கட்டர் போகிற வழியை ஒழுங்காக எழுதினால் போதும். இதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

முதல் பலகையில் போகும்போதும் வரும்போதும் வெட்டும்படி டூல்பாத் (கட்டர் போகும் வழி) போட்டேன். ஒரு வரி வழுவழு என்று இருந்தது, அடுத்த வரி நார்நாராகப் பிய்ந்து நின்றது. சரி என்று ஒரே திசையில் வெட்டி, தூக்கி, திரும்பி வந்து இறங்கும்படி மாற்றினேன். நேரம் கூடியது, கூடட்டும்.

அடுத்த பலகை சுத்தமாக வந்தது, ஆனால் பார்க்கத் தகரக்கூரை மாதிரி இருந்தது. கைவெட்டு இப்படி ஒரே அளவாக இருக்காதே! அப்புறம் கட்டரின் வழியைக் கணக்குப் போட்டு உருவாக்கும் மேக்ரோவாக, ஒரு சின்ன நிரலாக எழுதினேன். ஆழத்தில் இரண்டு சைன் அலைகளைச் சேர்த்தேன், ஒன்று 290 மில்லிமீட்டர் நீளம், மற்றது 470. இரண்டும் சேர்ந்த கோலம் பலகைக்குள் திரும்ப வராது. வரிக்கு வரி தொடக்கத்தையும் கொஞ்சம் தள்ளினேன். ஆரம்பத்தில் 0.1 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தது தப்பு. நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் பீடில் (கட்டர் நகரும் வேகம்) நொடிக்கு 500 நிரல் வரி படிக்க வேண்டியிருந்தது. இயந்திரத்தை ஓட்டும் பழைய கண்ட்ரோலர் திணறியது, அந்த உதறல் அப்படியே மரத்தில் பதிந்தது. 2 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று மாற்றினேன். நொடிக்கு 25 வரிதான், வெண்ணெய் மாதிரி ஓடியது. அலை அவ்வளவு நீளம் என்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு பலகை முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலைக் கோட்டோடு மெதுவாக இழுத்தார். பாதியில் நிறுத்தினார்.

"கோடு தப்பா இருக்கேய்யா. இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ இறங்கணும். இப்படி வெட்டுனா பால் கொறஞ்சு போகும்."

உண்மைதான். பட்டைக்குள் பால்குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து மேலே ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுதான் அதிகக் குழாய்களை அறுக்கும். நான் மேக்ரோவில் கோணம் 30 என்று போட்டிருந்தேன், கோடு வலப்பக்கம் ஏறிவிட்டது. -30 போட்டிருக்க வேண்டும். சின்ன வயதில் அம்மாவோடு மங்கு (பால் வடியும் கிண்ணம்) துடைக்கப் போன நான் இதைக் கவனிக்கவில்லை என்பது ரொம்ப நேரம் மனதை அரித்தது. விடியுமுன் நெற்றி விளக்கோடு போய் முப்பது வருடம் பால்மரம் வெட்டிய கை, விரலை வைத்ததும் கண்டுபிடித்துவிட்டது.

நல்லவேளை, பலகை 25 மில்லிமீட்டர் தடிப்பு. மேலே 2 மில்லிமீட்டர் சீவிவிட்டு மறுபடி வெட்டினேன். மற்ற நாலும் அதே சாய்வில் முடிந்தன. முதல் பலகை மாட்டிய அன்று அம்மாவைக் கூட்டிப்போனேன். காப்பி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு வரும்போது ஈப்போவில் இறங்கு. காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடு மச்சான், சன்னல் கிழக்கே இருக்கிறது, அதற்குமேல் வரப்பில் நிழல் விழாது.

அன்புடன்,
மணி