காலடியில் கிடக்கும் கல்லை எடுத்துச் சுவரில் பதியுங்கள்

எங்கள் ஊராட்சியின் தனி அலுவலர் அவர்களுக்கும், படிப்பகத்தின் புதிய கட்டடத் திறப்பு விழாவை முன்னின்று நடத்திய பெரியவர்களுக்கும் வணக்கம்.

பழைய படிப்பகத்தை இடித்தது ஏன், புதியதைக் கட்டியது யார் என்பதெல்லாம் நீங்கள் அறிந்தவையே. கட்டடம் அழகாக இருக்கிறது, கூரை ஒழுகவில்லை. அதற்கு எங்கள் நன்றி உண்டு. இந்த மடல் ஒரே ஒரு கல்லைப் பற்றியது. 1981-இல் பழைய கட்டடத்தின் வாசலில் பதித்திருந்த, அந்த இடத்தைத் தானமாகக் கொடுத்த தம்பதியான சாரின் பெயரும் டீச்சரின் பெயரும் பொறித்த கருங்கல்லைப் புதிய கட்டடத்தின் முன்சுவரில் பதிக்க வேண்டும் என்று மூன்று முறை மனுக் கொடுத்துவிட்டோம். நான்காவது முறையாக ஊரறியக் கேட்கிறோம்.

அந்தக் கல் இப்போது எங்கே கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கட்டடத்தின் பின்புறம் தண்ணீர்க் குழாய்க்கு அடியில், சேறு ஆகாமல் இருப்பதற்காகக் கால் வைத்து நிற்கும் கல்லாகப் போட்டிருக்கிறார்கள். போட்டவர்கள் குப்புறக்கூடப் போடவில்லை; எழுத்து மேலே தெரிகிறது. திறப்பு விழா முடிந்து இரண்டு வாரம் கழித்து, நாற்பது ஆண்டுக்கும் மேலான வழக்கப்படி மாலை நான்கு மணிக்கு இருவரும் நாளிதழ் படிக்க வந்தார்கள். கால் கழுவலாம் என்று குழாயடிக்குப் போன டீச்சர், ஒரு காலை எடுத்து வைத்தபின் கீழே பார்த்து, வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எண்பதைத் தாண்டிய அந்த அம்மா மெல்லக் குத்தவைத்து உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த தேங்காய்த் தும்பை எடுத்து எழுத்துக் குழிகளில் அப்பியிருந்த சேற்றைத் தேய்த்தார். சார் கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வாளியில் பிடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தார். கணவர் பெயர் இருந்த வரியைத்தான் டீச்சர் முதலில் கழுவினார். பிறகு இருவரும் உள்ளே போய் நாளிதழ் படித்தார்கள். யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. ஓடிப்போய் அந்தக் கல்லைத் தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன் என்பதால், இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது.

எங்கள் முதல் மனுவுக்கு அலுவலகத்தில் வாய்மொழியாகக் கிடைத்த பதில், தானப் பத்திரத்தில் கொடுத்தவர் பெயரை வைக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை என்பதாகும். உண்மைதான். அந்த ஆதாரத்தை (எங்கள் பக்கத்தில் பத்திரத்துக்கு அதுதான் பெயர்) நாங்களும் படித்திருக்கிறோம். 1964-இல் மணமாகி வந்தபோது டீச்சருக்குப் பிறந்த வீட்டில் எழுதிக் கொடுத்த நிலத்திலிருந்து ஐந்து சென்டை, ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக, எந்த நிபந்தனையும் இல்லாமல்தான் அவர் எழுதிக் கொடுத்தார். சுவர் எழுப்பச் சார் தம் வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்தார். அவர்கள் கேட்காததால் பெயர்க்கல் வைத்தது அன்றைய ஊர் மக்கள். நிபந்தனை போடாமல் கொடுத்ததற்கு இதுதான் பலன் என்றால், இனிமேல் தானம் செய்ய நினைப்பவர்கள் நல்ல வக்கீலை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

புதிய கல்வெட்டில் பத்தொன்பது பெயர்கள் இருக்கின்றன. தலைமை, முன்னிலை, வரவேற்பு, நன்றியுரை என்று தனித்தனி வரி இருக்கிறது. உள்ளே மின்விசிறியின் ஒவ்வோர் இறக்கையிலும் உபயதாரர் பெயர் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. அது சுற்றும்போது படிக்க முடியவில்லை என்பது மட்டுமே குறை. மண் கொடுத்தவர்களுக்கு மட்டும் அந்தக் கட்டடத்தில் இடமில்லை.

அந்த ஐந்து சென்டில் நடந்தவற்றை எல்லாம் எழுத இங்கே இடம் போதாது. அறிவொளி இயக்க நாட்களில் வயல் வேலை முடித்து வந்த பெண்களுக்குப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் டீச்சர் எழுத்தறிவித்தார். என் அம்மா ரேஷன் கடையில் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போட்டது அந்த வகுப்பால்தான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தையே சுனாமி அலை பெயர்த்து எறிந்த அன்று, கடற்கரையிலிருந்து ஓடி வந்தவர்களுக்குப் படிப்பகத்தின் கதவைத் திறந்துவிட்டு, சாரும் டீச்சரும் முற்றத்தில் அடுப்பு மூட்டிக் கஞ்சியும் பயறும் காய்ச்சினார்கள். புத்தக அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி, கைக்குழந்தைக்காரிகளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது சார். எந்தச் சாதி, எந்தக் கோயில் என்று அன்று இருவரும் கேட்கவில்லை. இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதைக் கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது உங்களுக்கே தெரியும்.

நன்றி மறக்கும் மாவட்டம் அல்ல இது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் பக்கத்திலேயே, அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை இருக்கிறது. கடல் கடந்து வந்த அவரை நாஞ்சில் நாட்டு உழவர்கள் மறக்கவில்லை. இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணையப் போராடிய மார்ஷல் நேசமணிக்கு நாகர்கோவிலில் மணிமண்டபம் இருக்கிறது. ஆனால் யாரையும் கௌரவிக்க வேண்டுமென்றால் அவர் முதலில் சாக வேண்டும் என்பது எழுதாத விதியாகிவிட்டதோ என்று சந்தேகம் வருகிறது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து, முன்னாள் உறுப்பினரிடம் கேட்டால் அதிகாரம் இல்லை என்கிறார், அலுவலகத்தில் கேட்டால் ஐயா கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள். ஒரு கல்லைப் பத்தடி நகர்த்த இத்தனை படி ஏற வேண்டியிருந்தால், குளம் தூர்வாரவும் கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைவரம்பு வயல்களுக்குத் தண்ணீர் கேட்கவும் நாங்கள் எத்தனை படி ஏறியிருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறு எங்கோ போகிறேன், பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் கேட்பது விருதோ விழாவோ அல்ல. அந்தப் பழைய கல்லைக் குழாயடியிலிருந்து எடுத்து, இருவரும் உயிரோடு இருக்கும்போதே முன்சுவரில், கண்மட்டத்தில் பதிக்க அனுமதி கொடுங்கள். நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி நாள். நம் மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே. அன்று கூடும் கிராம சபையில் இதற்கு ஒரு வரித் தீர்மானம் போதும். கொத்தனாருக்கும் சிமென்டுக்கும் ஆகும் செலவு எங்களுடையது. வேலையைக் காலையில் வைத்துக்கொண்டால், மாலை நான்கு மணிக்கு அவர்கள் வருவதற்குள் பூச்சு காய்ந்துவிடும்.

பணிவுடன்,
டீச்சரிடம் எழுத்துப் படித்த ஒருத்தியின் மகன்