கதவுக்கு வெளியே நிற்கும் தம்பிக்கு

தம்பி,

நேற்று ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்து, "அக்கா, பாப்பா மூக்குல என்னமோ மாட்டியிருக்காங்க, நெஞ்சு உள்ள உள்ள போகுது" என்றாய். அதற்கு மேல் உனக்குப் பேச்சு வரவில்லை. நானும் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். உன்னைப் போலவே பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற வேறு யாராவது படித்தாலும் நல்லதுதான்.

மூக்கில் மாட்டியிருப்பதற்கு சிபாப் என்று பெயர். 30 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு நுரையீரலின் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள் மூச்சை விடும்போதெல்லாம் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் பார்த்துக்கொள்கிற சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் அதற்குள் போதுமான அளவு சுரந்திருக்காது. சிபாப் காற்றை லேசான அழுத்தத்தோடு அனுப்பி அந்தப் பைகளைத் திறந்தே வைக்கிறது. மூச்சு விடுவது என் மருமகள்தான், மெஷின் இல்லை. தேவைப்பட்டால் சர்ஃபாக்டன்ட்டையே மூச்சுக்குழாய் வழியாகக் கொடுப்பார்கள். கொடுத்தோம் என்று டாக்டர் சொன்னால், கைமீறிப் போய்விட்டது என்று நினைத்து உட்கார்ந்துவிடாதே.

மானிட்டர் கத்தும். அடிக்கடி கத்தும். பாதி நேரம் காலில் கட்டிய சென்சார் நழுவியிருக்கும். சிஸ்டரைக் கவனித்துப் பார், அவர் திரையைப் பார்க்கும் முன் பிள்ளையின் நிறத்தைப் பார்ப்பார். சில சமயம் குறைமாதப் பிள்ளைகள் மூச்சு விடவே மறந்துவிடும். அப்போது உள்ளங்காலைச் சுண்டுவார், அல்லது முதுகைத் தடவிவிடுவார், மூச்சு திரும்பிவிடும். இதற்காகவே கஃபீன் மருந்து கொடுப்பார்கள். ஆமாம், காபியில் இருக்கிற அதே கஃபீன்தான்.

ஆக்சிஜன் அளவு 100 காட்டினால் நல்லது என்று நினைத்துவிடாதே. ஆக்சிஜன் வைத்திருக்கும் குறைமாதப் பிள்ளைக்குப் பெரும்பாலும் 90-லிருந்து 95-க்குள் நிற்க வேண்டும் என்றுதான் பார்ப்பார்கள். கூடிப்போனால் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரலாம். அதனால் பிறந்து ஒரு மாதத்துக்குள் கண் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினாலும் அந்தத் தேதியை விட்டுவிடாதே. கண்டுபிடித்தால் வைத்தியம் உண்டு, ஆனால் அதற்குக் காலக்கெடுவும் உண்டு.

கண் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. என் மகள் மூன்றாம் நாள் நீல விளக்குக்கு அடியில் கண் கட்டிக் கிடந்தாள். மஞ்சள் காமாலைக்கான விளக்கு அது, வெளிச்சம் படாமல் கண்ணை மூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஆஸ்பத்திரியில் அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கண் போய்விட்டது என்று ஒரு பகல் முழுக்க அழுதேன். அதனால்தான் சொல்கிறேன், கேள். அவர்களுக்கு வேலை அதிகம்தான், இருந்தாலும் கேள். "எப்போ டிஸ்சார்ஜ்?" என்று கேட்டால் பதில் வராது. "நேத்தைக்கு இன்னைக்கு என்ன மாறியிருக்கு?" என்று கேட்டுப் பார்.

இப்போது பால். உன் மனைவி ஆபரேஷன் செய்து வேறு வார்டில் கிடக்கிறாள், பிள்ளையை இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பால் வரவில்லை என்று அழுவாள். எனக்கு முதல் தடவை அரை மணி நேரம் கையால் பீய்ச்சியும் கிண்ணத்தின் அடியில் மஞ்சளாக ஒரு சொட்டு ஒட்டியிருந்தது. வழித்து சிரிஞ்சில் எடுத்த சிஸ்டர், "தங்கம்மா இது" என்றார். பிள்ளை முதலில் குடிப்பதே ஒன்றிரண்டு மில்லிதான். வாயிலிருந்து வயிற்றுக்குப் போகிற மெல்லிய டியூபில், பிஸ்டன் இல்லாத சிரிஞ்சைச் செருகித் தூக்கிப் பிடிப்பார்கள். பால் தன்னால் இறங்கும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுகிற வித்தை, கர்ப்பக் கணக்கில் 34 வாரம் வாக்கில்தான் கைகூடும். அதுவரை இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரியிலும் அவள் பீய்ச்ச வேண்டும். அலாரம் வைத்து எழுப்புவது, கிண்ணம் கழுவுவது, பாலைக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் உன் வேலை. குடல் அழுகும் நோய் வராமல் தடுக்க தாய்ப்பாலுக்கு இணை இல்லை. அவளுக்குப் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேள்.

அத்தை சேனை வைக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணியோடு வருவார். வாசலிலேயே நிறுத்து. "ஏழாம் மாசம் தங்கும், எட்டாம் மாசம் தங்காது" என்று ஆரம்பிக்கிற பெரியவர்களிடம் சண்டை போடாதே, ஆனால் அந்தப் பேச்சு உன் மனைவி காதில் விழாமல் பார்த்துக்கொள். வயிற்றில் ஒரு வாரம் கூடுதலாக இருந்தால் பிள்ளைக்கு அவ்வளவும் பலம்.

எடை குறையும். முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் குறையும், இவர்களுக்குக் கொஞ்சம் கூடவே. நேற்று பத்து மில்லி குடித்த பிள்ளைக்கு இன்று வயிறு உப்பியிருக்கிறது என்று பாலை நிறுத்துவார்கள். கிருமித்தொற்று என்று ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பார்கள். என் மகளுக்குப் பக்கத்து வார்மரில், அதாவது சூடு கொடுக்கும் படுக்கையில், இருந்த பையன் வீட்டுக்குப் போகவில்லை. இதை உன்னிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி நெஞ்சோடு அணைப்பது. கங்காரு முறை என்பார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாத ஆஸ்பத்திரியில் எட்கர் ரே என்ற டாக்டர் ஆரம்பித்தது. பிள்ளை தேறிய பிறகுதான் என்று ரொம்ப காலம் தள்ளி வைத்திருந்தார்கள். 2021-இல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு வெளிவந்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த பிள்ளைகளைப் பிறந்த கையோடு அணைக்க ஆரம்பித்ததில் இறப்பு கால் பங்கு குறைந்திருந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் அணைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உன் மனைவி எழுந்து வரும்வரை நீ செய்யலாம். அப்பாக்களை விடுவதில்லை என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேள். நீ வேடிக்கை பார்க்க வந்தவன் இல்லை, பாப்பாவுக்கு நடக்கிற வைத்தியத்தில் உனக்கும் பங்கு உண்டு.

முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள சட்டை போட்டுக்கொள். வாட்ச், மோதிரம், கைக்கயிறு எல்லாம் கழற்று. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவு. நெஞ்சில் வைத்ததும் முதல் ஐந்து நிமிடம் மூச்சு விடவே பயப்படுவாய். அப்புறம் பாப்பாவின் கை விரல் உன் நெஞ்சு முடியைப் பிடித்து இழுக்கும்.

பணம் கட்டும் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா என்று கேட்டாய். அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு வைத்தியம் இலவசம். அங்கே இடமும் ஆளும் இருக்கும்போது 1,250 கிராம் பிள்ளையை ஆம்புலன்ஸில் அலைக்கழிக்காதே.

மாமா நாளைக் காலையில் வருகிறார். மூடி போட்ட சின்ன சில்வர் கிண்ணம் நான்கு, வேட்டி கிழித்த துணி, உன் மனைவிக்குப் பூண்டுக் குழம்பு கொடுத்துவிடுகிறேன். நீ எப்போது கடைசியாகச் சாப்பிட்டாய் என்று போனில் கேட்க மறந்துவிட்டேன். உனக்கும் சேர்த்தே கட்டியிருக்கிறேன்.

உன் அக்கா