கார்த்தியின் மணிக்கணக்கு

யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள சேகர்,

உன் மெயில் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி பதில் போட்டால் இன்னும் குழம்புவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். ரிட்டயர் ஆகியும் விடியற்காலையில் முழிப்பு வந்துவிடுகிறது. விமானம் பழுதுபார்க்கிற ஹேங்கரில் ஷிஃப்ட் பார்த்த பழக்கம், எங்கே போகும்?

சரி, கார்த்தி விஷயத்துக்கு வருகிறேன். பைலட் பயிற்சியில் 22 மணி நேரம் பறந்தும் அவனை இன்னும் சோலோவுக்கு, அதாவது வாத்தியார் இல்லாமல் தனியாகப் பறக்க, விடவில்லை, கூடச் சேர்ந்த பையன் 14-லேயே போய்விட்டான், நம்ம பையனுக்கு இது வராதோ என்று கேட்டிருக்கிறாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, பெற்றோர் குரூப்பில் மார்க் ஷீட் மாதிரி இதைத்தான் ஒப்பிட்டுக்கொண்டு இருப்பார்கள்.

லைசென்ஸுக்கு மணிக்கணக்கு உண்டு. சொந்தமாகப் பறக்கிறவர்களுக்கான பிபிஎல்லுக்குப் பொதுவாக 40 மணி நேரம், அதில் 10 தனியாக. ஐரோப்பாவில் 45. பைலட் வேலைக்கான சிபிஎல்லுக்கு நம்ம ஊரில் 200. முதல் சோலோ வேறு. அமெரிக்க விதியைப் பார்த்தால், வயது 16 ஆகியிருக்க வேண்டும், எழுத்துத் தேர்வு பாஸ் பண்ண வேண்டும், ஸ்டால் ஆகி இறக்கை தூக்குகிற சக்தியை இழந்தால் மீட்பது, இன்ஜின் நின்றால் இறங்குவது என்று பழக வேண்டியவை ஒரு நீளப் பட்டியலே இருக்கிறது. இத்தனை மணி நேரம் என்று மட்டும் அதில் எங்கேயும் இல்லை. பறந்ததையெல்லாம் குறித்து வைக்கிற லாக்புக்கில் பயிற்சியாளர் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் 90 நாளைக்குத்தான் செல்லும்.

அப்புறம், அந்த ஒரு மணி நேரம் என்பதே என்ன? விமானம் பறக்கிற எண்ணத்தோடு நகர ஆரம்பித்ததிலிருந்து திரும்பி வந்து நிற்கிற வரைக்கும் எல்லாமே பறந்த நேரம்தான். ரன்வே ஓரத்தில் காத்துக்கிடந்த பத்து நிமிஷமும் அதில் சேரும். காலியான ஏரோட்ரோமில் ஒரு சர்க்யூட் அடிக்க ஐந்தாறு நிமிஷம். ஏறி, ஆயிரம் அடியில் ரன்வேக்கு இணையாகப் போய், திரும்பி இறங்கி, சக்கரம் தொட்டதும் மறுபடி ஏறுவது. அங்கே ஒரு மணி நேரத்தில் எட்டு முறைக்கு மேல் இறங்கிப் பார்க்கலாம். இங்கே எங்கள் சிலேத்தார் விமான நிலையத்தில் அந்தக் கதை நடக்காது. தனியார் ஜெட் ஒன்று வருகிறது என்றால் பயிற்சி விமானத்தை ஓரமாக வட்டமடிக்கச் சொல்லிவிடுவார்கள். 2019-ல் ஃபயர்ஃபிளை என்கிற மலேசியக் கம்பெனியின் ஏடிஆர் பயணிகள் விமானங்களையும் சாங்கியிலிருந்து இங்கே மாற்றினார்கள். பெரிய விமானம் போனபின் அதன் சுழல்காற்று அடங்கும்வரை சின்னது பொறுத்திருக்க வேண்டும். விலகிப் போகவும் இடமில்லை. வடக்கே நீரிணை தாண்டினால் மலேசியா, மேற்கே செம்பவாங், தெற்கே பாய லேபார், இரண்டும் ராணுவத் தளம். அதே ஒரு மணி நேரத்தில் இங்கே மூன்று நாலு தடவை இறங்கக் கிடைத்தால் பெரிய விஷயம். ஆனால் ரேடியோவில் பேச்சு சுத்தமாகிவிடும், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் கார்த்தியிடம் மணியைக் கேட்காதே. எத்தனை லேண்டிங், அதில் எத்தனை வாத்தியார் கை வைக்காமல் இறங்கியது என்று கேள்.

அதைவிட முக்கியம் இடைவெளி. வாரத்துக்கு மூன்று நாள் பறக்கிறவனும் மூன்று வாரத்துக்கு ஒருநாள் பறக்கிறவனும் ஒன்றில்லை. இரண்டாமவன் ஒவ்வொரு முறையும் பாதி நேரத்தைப் போன பாடத்தைத் தேடுவதிலேயே செலவழிப்பான். இங்கே டிசம்பர், ஜனவரி மழை, மற்ற மாதங்களில் விடிகாலையில் அடிக்கிற சுமத்ரா காற்று, மத்தியான இடிமழை எல்லாம் பாடத்தைக் கெடுக்கும். கார்த்தி இருக்கிற வடக்குப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம். வாத்தியார் மாறினாலும் இதே கதைதான், புதியவர் தன் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அதற்கும் சில மணி நேரம் போகும்.

என் சின்ன மகள் இங்கே பாலிடெக்னிக் படித்துக்கொண்டே பறக்கிறாள் என்று சொன்னேன் இல்லையா? அவளுக்குக் கடைசி பத்தடிதான் தகராறு. விமானத்தைக் கொண்டுவந்துவிடுவாள். தரையை நெருங்கி மூக்கைத் தூக்க வேண்டிய இடத்தில் சீக்கிரமே இழுத்துவிடுவாள், அது திரும்ப மேலே மிதக்கும், வேகம் விழும், பின்னால் தொப்பென்று உட்காரும். சில வாரம் இப்படியே. வீட்டுக்கு வந்து பேசாமல் ரூமுக்குள் போய்விடுவாள், நான் ஒன்றும் கேட்கமாட்டேன். பார்த்தால், அவள் கண் விமானத்தின் மூக்குக்கு முன்னால் ஓடுகிற தரையிலேயே இருந்திருக்கிறது. பக்கத்தில் பார்த்தால் தரை பாய்ந்து வருகிற மாதிரிதான் இருக்கும், கை தானாக இழுக்கும். ரன்வேயின் அந்தக் கடைசியைப் பார் என்று அவள் வாத்தியார் சொல்லி, இறங்காமலே ரன்வே மேல் தாழப் பறக்கவிட்டு, உயரத்தைக் கண்ணுக்குப் பழக்கினார். அதற்கப்புறம் ஒருநாள் வந்ததும் வராததுமாகச் சோறு கேட்டாள். சரியாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

சோலோ அன்று இரண்டு மூன்று சர்க்யூட் சேர்ந்து அடித்த பிறகு, வாத்தியார் விமானத்தை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தச் சொன்னாராம். இறங்குவதற்கு முன் தான் உட்கார்ந்த சீட்டின் பெல்ட்டை இறுக்கி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், தளர்ந்து கிடந்து விமானத்தை ஓட்டுகிற ஸ்டிக்கில் மாட்டிக்கொள்ளக்கூடாதே. அந்தக் காலி சீட்டில் பூட்டிய பெல்ட்டைப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது என்றாள். ஏறினால் விமானம் விருட்டென்று மேலே போகிறதாம். போகாதா பின்னே? எண்பது கிலோ ஆள் இறங்கியிருக்கிறார். இறங்கும்போதும் கொஞ்சம் கூடுதலாக மிதக்கும், இதைக் கார்த்தியிடம் இப்போதே சொல்லி வை.

வாத்தியார் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார் என்று சிலேத்தாரில் நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். அழகான லேண்டிங்கை யாரும் சொன்னதில்லை. சரியாக வராத லேண்டிங்கை, யாரும் சொல்லாமலே கைவிட்டு, முழு பவர் கொடுத்து மேலே ஏறுகிறானா, அதுதான் என்பார்கள். பத்து மணி நேரத்தில் சோலோ என்று விளம்பரம் போடுகிற பள்ளி என்றால் நான் இரண்டு தடவை யோசிப்பேன். பழைய ஹேங்கர்காரன் புத்தி. அவசரப் பையன்கள் பிரேக்கை அழுத்தித் தேய்த்த டயரை மாற்றி மாற்றியே எனக்கு வயசாகிவிட்டது.

அதற்காக 22 எப்போதுமே சரி என்று சொல்லமாட்டேன். லேண்டிங் நிறைய ஆகியும், இடைவெளி இல்லாமல் ஒரே வாத்தியாரோடு பறந்தும், அதே தப்பு திரும்பத் திரும்ப வந்தால் அவன் வேறொரு வாத்தியாரோடு ஒரு பாடம் பறந்து பார்க்கட்டும். அதில் யாருக்கும் வருத்தம் வரத் தேவையில்லை. விமானம் ரிப்பேர், வாத்தியார் பற்றாக்குறை என்று வாரக்கணக்கில் உட்கார வைத்திருந்தால் நீ நேரில் போய்ப் பேசு. பணம் கட்டியவன் கேட்கலாம்.

லாக்புக்கின் கடைசி சில பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். தேதி, லேண்டிங் எண்ணிக்கை, வாத்தியார் கையெழுத்து மூன்றும் தெரிந்தால் போதும். சின்னவளும் நானும் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கே போன் போடுகிறோம். நீ அந்த நேரத்தில் போனைப் பிடுங்காமல் இரு.

அன்புடன்,
ராசு