ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றவருக்கு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 99 கவுண்டிகள், நம்மூர் மாவட்டம் மாதிரி. ஒவ்வொன்றையும் நடத்துவது மக்கள் தேர்ந்தெடுக்கும் 3 அல்லது 5 பேர் கொண்ட சூப்பர்வைசர் குழு, 4 வருடப் பதவி. இங்கே குடிவந்து இத்தனை நாளாகியும் வாக்குச்சீட்டில் அந்தப் பெயர்களை நான் சரியாகப் படித்ததுகூட இல்லை. அவர்களில் ஒருவருக்குத்தான் இந்த நன்றி.

மார்ச் மாதம் பனி உருகினால் எங்கள் சரளைச் சாலை களிமண் குழம்பாகிவிடும். மேல்மண் இளகியிருக்கும், அடியில் இன்னும் உறைந்தே கிடக்கும், தண்ணீர் இறங்க வழியில்லை. இந்த முறை சாலைக்கு அடியில் போகும் குழாயும் அடைத்துக்கொண்டது. பள்ளிப் பேருந்து வரவில்லை. கவுண்டி அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். பதிவு செய்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது முறை அந்த சூப்பர்வைசருக்கே போன் அடித்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார். குழாய் வாயில் கைவிட்டு ஒரு பிடி சோளத்தட்டையை இழுத்துக் காட்டினார். மதியத்துக்குள் ஆட்கள் வந்தார்கள். புதுச் சரளை மட்டும் தரை காய்ந்த பிறகுதான் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார், அது எனக்குப் பிடித்திருந்தது.

காபி கொடுத்தபோது, திட்டு வாங்கும் இந்த வேலை எதற்கு என்று கேட்டேன். சிறுவயதில் இதே சாலையில் அவர் அப்பாவின் பால் வண்டி சிக்கி, அன்றைய பால் முழுவதும் வீணாகிப் போனதாம். அப்போது யாரிடம் சொல்வது என்றே அப்பாவுக்குத் தெரியவில்லையாம். சொல்லிவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ரொம்ப நன்றி ஐயா. பேருந்து திங்கள்கிழமை வந்துவிட்டது.