மூலைக்கு 12

சென்னிமலை,
சித்திரை கடைசி.

அன்புள்ள மாப்ளைக்கு,

முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று தங்கச்சி போனில் சொன்னது. படுத்த படுக்கையில் தனியாகச் சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாயாமே. போடு. நடக்கச் சொன்ன நேரத்துக்கு மட்டும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நட. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கீழே எழுதப்போகும் சமாச்சாரத்தைப் போனில் ஆரம்பித்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே புகுந்து முடிவை நீ சொல்லிவிடுவாய். காலேஜிலிருந்து அதுதானே நடக்கிறது. கடிதத்தில் அந்த வேலை நடக்காது.

இங்கே இன்னும் ஒரு நல்ல மழை இல்லை. மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் கிணறு வற்றிக் காற்று வாங்குகிறது. தென்னையெல்லாம் வெள்ளை ஈ. மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டு மெருகேற்றி ஈரோட்டுக்கு ஏற்றியாயிற்று. விலையைப் பற்றி மட்டும் கேட்காதே. லீவுக்குப் பேத்தி வந்திருக்கிறாள். ஏழாவது போகிறாள். வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில், எங்கள் மருமகனின் பழைய லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பனிமலையில் வீடு கட்டுகிறாள். மைன்கிராஃப்ட் என்று ஒரு விளையாட்டு. அதில் மண், மரம், கல், ஆடு, மாடு எல்லாமே சதுரம்தான். ஒவ்வொரு கட்டையும் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் என்று கணக்கு. கட்டை அடுக்குவதற்கு இத்தனை கரண்ட்டா என்று முதல் இரண்டு நாள் முனகிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அந்தத் திரையில் பனி பெய்தது. பக்கத்தில் உட்கார்ந்து நுங்கு தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பனி எல்லா இடத்திலும் ஒன்றாக மூடவில்லை. இங்கே ஒரு சதுரம் வெள்ளையாகிறது, அப்புறம் எங்கோ அக்கட்டால ஒன்று, அப்புறம் இந்த மூலையில் ஒன்று. "எந்தக் கட்டத்துல விழுகோணும்னு யாரு அம்மிணி சொல்றது?" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. இராத்திரி அவள் அப்பனைப் போனில் பிடித்தோம். அந்த உலகத்தை 16க்கு 16 கட்டமாகத் துண்டு போட்டிருக்கிறார்களாம், சங்க் என்று பெயராம். பனி பெய்யும்போது ஒவ்வொரு சங்க்கிலும் சராசரியாக 0.8 நொடிக்கு ஒரு கட்டத்தைக் குலுக்கிப்போட்டு எடுக்குமாம். 256 கட்டத்துக்கும் சம வாய்ப்பு. ஏற்கெனவே பனி இருக்கிற கட்டமே மறுபடி வந்தால் ஒன்றும் ஆகாது.

மாப்ள, இதைக் கேட்டதும் எனக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சதுரத்துக்குள் நாலு பக்கமும் தொடும்படி வட்டம் வரை, கண்ணை மூடிக் கல்லை எறி, வட்டத்துக்குள் விழுந்ததை எண்ணி மொத்தத்தால் வகுத்து நாலால் பெருக்கு, வட்டக் கணக்கில் வருகிற அந்த 3.14, பை, கிடைக்கும். கல் எறிகிற வேலையை இங்கே பனி செய்துவிடும். அன்று தூக்கம் வரவில்லை. கிராஃப் தாளை எடுத்து, காம்பஸ் வைத்து, 8 கட்டை ஆரத்தில் ஒரு வட்டம் போட்டேன். கட்டையின் நடுப்புள்ளி வட்டத்துக்குள் வந்தால் மஞ்சள், வெளியே போனால் சிவப்பு. காலையில் பேத்தி அதைப் பார்த்துப் பார்த்துச் சரியாக ஒரு சங்க்குக்குள் மஞ்சளும் சிவப்புமாகத் தரை போட்டுவிட்டாள். வீட்டில் இதைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, காலையிலிருந்து பை பைங்கறீங்க, எந்தப் பை? மஞ்சப்பையா?" என்றாள்.

ஆரம்பிக்கும் முன்பு பேத்தியிடம் பெருமை வேறு அடித்தேன். பைக்கு உலகமே மூக்கில் விரல் வைக்கிற சூத்திரம் எழுதிய ராமானுஜன் 1887 டிசம்பர் 22இல் பிறந்தது நம் ஈரோட்டில். வளர்ந்தது, படித்தது, பெயர் வாங்கியது எல்லாம் கும்பகோணத்துக்காரர்கள் கணக்கு. பிறந்த நாள் ஒன்றில் மட்டும் நமக்குப் பங்கு உண்டு, அதை விடுவானேன்? 1914இல் அவர் அச்சிட்ட கட்டுரையில் உள்ள தொடரின் முதல் உறுப்பை மட்டும் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். 2இன் வர்க்கமூலத்தை எடுத்து 2ஆல் பெருக்கு, 1103ஆல் பெருக்கு, வந்ததால் 9801ஐ வகு. 3.14159273. உண்மையானது 3.14159265. ஒரே உறுப்பில் ஆறு தசம இடம் சுத்தம். அடுத்தடுத்த உறுப்பு ஒவ்வொன்றும் இன்னும் எட்டு இடம் கூட்டும். "அப்பறம் எதுக்குங்க அப்புச்சி நாம பனிய எண்றோம்?" என்றாள். பதில் சொல்லாமல், கட்டளை போட்டுப் பனியை ஆரம்பிக்கச் சொன்னேன்.

ஒரு சுற்று இப்படி. சுமார் ஒரு நிமிடம் பெய்யவிட்டு நிறுத்துவாள். ஷவலோடு இறங்கி, பனி ஒட்டிய கட்டம் ஒவ்வொன்றாகச் சுரண்டுவாள். அடியில் என்ன நிறம் தெரிகிறதோ அதை ஏலம் மாதிரி கத்துவாள். "மஞ்ச! மஞ்ச! செவப்பு! மஞ்ச!" நான் திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடுவேன். முதல் சுற்றில் 57 கட்டம், அதில் மஞ்சள் 44. நாலால் பெருக்கி வகுத்தால் 3.09. பரவாயில்லை, ஆரம்பம்தானே. ஐந்து சுற்று முடிந்தபோது 291க்கு 234, 3.22. பத்தாவது சுற்று முடிய மணி நாலாகிவிட்டது. 604க்கு 492. 3.26.

இறங்கும் என்று பார்த்தால் ஏறிக்கொண்டே போகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாத்தியார் மாதிரி சமாதானம் சொன்னேன். குலுக்கல் என்றால் ஆட்டம் இருக்கும் கண்ணு. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 1.64ஐ வகுத்தால் எவ்வளவு ஆடும் என்று ஒரு மட்டு கிடைக்கும். 604க்கு அது 0.07 பக்கம், அதில் இரண்டு மடங்கு வரை தள்ளிப்போவது அதிசயமில்லை. பத்தாயிரம் போட்டால் 0.016, பத்து லட்சம் போட்டால் 0.0016, ஒரு தசம இடம் கூட வேண்டுமென்றால் நூறு மடங்கு உழைக்க வேண்டும். நான் சொன்னதில் ஒரு வரியும் தப்பில்லை, ஆனால் நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவள் பாதி கேட்டாள். "சோறு ஆச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும் பனியை அப்படியே பெய்யவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

அரிசியும்பருப்புஞ்சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். சாவகாசமாகத் தின்றுவிட்டு வந்து பார்த்தால் தரை முழுக்க வெள்ளை. ஒரே ஒரு சிவப்புக் கட்டம் மட்டும் மூலையில் மொட்டையாக நின்றது. கடைசி ஒன்று அப்படித்தான் இழுத்தடிக்கும். 256இல் ஒன்று தன் முறைக்குக் காத்திருக்கிறதென்றால் சராசரியாக மூன்றரை நிமிடம் ஆகும். அதுவும் மூடிவிட்டது. அவள் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே, "இப்ப எல்லாமே விழுந்துருச்சுங்க. இப்ப கணக்குப் போட்டா சரியான பை வரோணுமல்லங்க?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது.

நான் நோட்டைத் தேடுவதற்குள் அவள் சிவப்பை எண்ணிவிட்டாள். மூலைக்கு 12. நாலு மூலைக்கு 48. 256இல் 48 போனால் மஞ்சள் 208. அதை நாலால் பெருக்கி 256ஆல் வகுத்தால் 3.25. துல்லியமாக 3.25, மாப்ள. உலகம் அழியும்வரை பனி பெய்தாலும் அது 3.25ஐ நோக்கித்தான் போகும். "அப்புச்சி, உங்க வட்டம் வட்டமாவே இல்லீங்க" என்றாள். கிராஃப் தாளை எடுத்து வரிசை வரிசையாகப் பார்த்தேன். கால் வட்டத்துக்கு 3, 5, 6, 7, 7, 8, 8, 8, கூட்டினால் 52. நிஜ வட்டமாக இருந்தால் 50.27 இருக்க வேண்டும். மூலைக்கு 13¾ சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் நான் 12தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு கட்டத்தில் முக்கால் பங்கை மட்டும் சிவப்பாக எண்ண வழி ஏது? பனியில் சூது இல்லை. படியே தப்பு, அளந்து அளந்து போட்டு என்ன?

இதில் என்னை உறுத்துவது 3.25 அல்ல. பத்தாவது சுற்றில் 3.26க்குப் பதிலாக 3.14 வந்திருந்தால்? வந்திருக்கலாம், ஆட்டத்துக்குள் அதுவும் அடக்கம்தான். வந்திருந்தால் அந்த இடத்தில் நிறுத்தி, நோட்டை மூடி, பேத்தி தலையில் கை வைத்து "பாத்தியா" என்றிருப்பேன். வட்டத்தை யாரும் எண்ணியிருக்க மாட்டோம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். 1979, ஹாஸ்டல். நீ ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமுக்காளம், பட்டை பட்டையாக. ஈர்க்குமாறைப் பிரித்து, பட்டை அகலத்துக்கு ஒரு குச்சி நறுக்கி மேலேயிருந்து போட்டோமே. பூஃபோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1777இல் அச்சில் ஏற்றிய கணக்கு. குச்சியின் நீளமும் பட்டையின் அகலமும் ஒன்றாக இருந்தால், குச்சி கோட்டை வெட்டும் வாய்ப்பு 2இன் கீழ் பை. போட்டதை இரட்டித்து, வெட்டியதால் வகுத்தால் தீர்ந்தது. 157 தடவை போட்டபோது சரியாக 100 வெட்டு. 314இன் கீழ் 100. நீ துள்ளிக் குதித்து ஜமுக்காளத்தைச் சுருட்டிவிட்டாய். "மாப்ள, 500 போடறதாத்தானே பேச்சு" என்றேன். "வந்தது போதும், கெடுக்காத" என்றாய். மறுநாள் வகுப்பில் நீதான் எழுந்து சொன்னாய், கைதட்டலும் உனக்கே. 158வது குச்சி என் கையில் இருந்தது.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. இத்தாலியில் லாஸ்ஸரினி என்பவர் 1901இல் இதே சோதனையில் 3408 தடவை போட்டு 1808 வெட்டு என்று வெளியிட்டார். அவர் குச்சி கோட்டு இடைவெளியில் ஆறில் ஐந்து பங்கு. கணக்குப் போட்டால் 355இன் கீழ் 113, ஆறு தசம இடம் சுத்தமாக வரும். மூவாயிரத்துச் சொச்சம் வீச்சுக்கு 0.05 பக்கம் ஆட்டம் இருக்க வேண்டும். அவருக்கோ ஆறு இடம். போதாததற்கு 3408 என்பது 213இன் 16 மடங்கு. 213க்கு 113 வெட்டு விழுந்தால் அந்தப் பின்னம் தானாக வந்து நிற்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தியவர், அல்லது அதைவிட மோசம். உன் 157க்கு அண்ணன்.

நீ சீட்டுப் போடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, அதனால்தான் முதலில் "போடு" என்றேன். 1946இல் உலாம் என்ற கணித மேதை மூளைக் காய்ச்சலிலிருந்து தேறிவருகையில், உன்னை மாதிரியே தனியாகச் சீட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தார். ஒரு ஆட்டம் ஜெயிக்க என்ன வாய்ப்பு என்று கணக்கில் போட்டுப் பார்த்து முடியாமல், நூறு ஆட்டம் போட்டு ஜெயித்ததை எண்ணிவிட்டால் என்ன என்று யோசித்தார். பிறகு ஃபான் நாய்மன் என்ற இன்னொரு கணித மேதையோடு சேர்ந்து அணு ஆயுதக் கணக்குகளுக்கு அதே வழியைக் கையாண்டார். அந்த வழிக்கு மான்டி கார்லோ என்று சூதாட்டத்துக்குப் பேர்போன ஊரின் பெயரை வைத்தது அவர்களோடு வேலை பார்த்த மெட்ரோபோலிஸ். சூதாடக் கடன் வாங்கும் உலாமின் மாமா ஒருவரை நினைத்து வைத்த பெயர். ஆகையால் உன் சீட்டில் எத்தனை ஆட்டம் போட்டாய், எத்தனை ஜெயித்தாய் என்று ஒரு தாளில் எழுதி வை. தோற்றதையும் எழுது.

பேத்தி இப்போது நாலு சங்க்கைச் சேர்த்து 32க்கு 32 தரை போட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை பனி பெய்யும் முன்பே எண்ணச் சொன்னாள். 1024இல் 812 மஞ்சள், 3.17. "இன்னும் பெருசு பண்ணலாமுங்க" என்கிறாள். லீவு முடிவதற்குள் 64க்குப் போய்விடுவாள். எண்ணுவது நான்தான்.

வைகாசியில் சின்னவன் வீட்டுக் காதுகுத்து. அதற்குள் உனக்கு நடை வந்துவிட்டால் இரண்டு பேரும் வந்துசேருங்கள். தங்கச்சிக்கு எங்கள் இருவரின் அன்பையும் சொல்.

இப்படிக்கு,
உன் மாப்ள

பி.கு.: அந்த ஜமுக்காளம் இன்னும் உங்கள் பரண்மேல் இருந்தால், பையனை விட்டு இறக்கி, ஸ்கேல் வைத்துப் பட்டைகளை அளந்து எழுது. எல்லாம் ஒரே அகலம்தானா என்று அன்றைக்கு நாம் இரண்டு பேரும் பார்க்கவே இல்லை.