மாவட்ட ஆட்சியர்களுக்கு: செல்போனுக்கும் ஓர் அறிவொளி வேண்டும்

மதிப்பிற்குரிய தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பில் வரும் பொய்ச் செய்தியைச் சோதித்துப் பார்க்க, அன்றைய அறிவொளி எழுத்தறிவு இயக்கம் போல ஊர் ஊராகக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த குடும்பம் வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று ஊர் திரண்டு அடித்ததில் 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். அதே வாரம் பழவேற்காட்டில் இன்னொரு உயிர் போனது. அடித்தவர்கள் ரவுடிகள் அல்ல. வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிப் பயந்து கிடந்த ஊர்க்காரர்கள்.

அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அதே பைக் திரும்பி வரும், பையனை இறக்கிவிடும், எச்சரிக்கை எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். சட்டம், சைபர் பிரிவு எல்லாம் இருந்தும், வெட்டிய வீடியோ ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

இதைத் தடுக்க முடியாதா என்றால், முடிந்த இடங்கள் இருக்கின்றன. அதே 2018இல் தெலங்கானாவின் கத்வால் பகுதியில் காவல் கண்காணிப்பாளராக இருந்த ரெமா ராஜேஸ்வரி, காவலர்களைக் கிராமம் கிராமமாக அனுப்பினார். தப்படித்துப் பாடும் கலைஞர்களையும் கூட்டிக்கொண்டு வதந்தியைப் பற்றிப் பேசவைத்தார். கேரளத்தின் கண்ணூரில் ஆட்சியர் மீர் முகமது அலி அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்திக்கு என்றே வகுப்பு நடத்தவைத்தார். தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசிக்கு எதிராகப் பரவிய புரளிதான் அதற்குத் தூண்டுதல். 2017இல் அந்தப் புரளி நம் ஊரிலும்தானே ஓடியது? கண்ணூரில் அது பாடமானது. இங்கே மறுப்பு அறிக்கையோடு முடிந்தது.

தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் 2023 முதல் வேலை செய்கிறது. நல்லதுதான். ஆனால் அது சமூக வலைத்தளத்தில் போடும் மறுப்பு, 'எங்கள் குடும்பம்' என்ற வாட்ஸ்அப் குழுவுக்குள் வந்து சேர்வது அபூர்வம். தவிர, அரசைப் பற்றிய செய்தியில் எது உண்மை என்று அரசே தீர்ப்புச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அது நியாயமான சந்தேகமும்கூட. ஒன்றிய அரசு அமைக்க முயன்ற அப்படியொரு பிரிவுக்கான விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததே.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அறிவொளியில் இரவுப் பள்ளி நடத்தியவன் என்ற உரிமையும் கொஞ்சம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னால் நிற்க, தமிழ்நாடு அறிவியல் இயக்கம், ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், குவாரிப் பெண்கள் எல்லாரும் சேர்ந்தார்கள். எழுத்து கற்க வந்த பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். எந்த ஒரு துறையும் தனியாக நின்று செய்திருக்க முடியாத காரியம் அது. எல்லாரையும் ஒரே பாயில் உட்காரவைக்கும் அதிகாரம் ஒரு மாவட்டத்தில் உங்களுக்குத்தான் இருக்கிறது.

தயவுசெய்து இதை இன்னொரு 'விழிப்புணர்வு முகாம்' ஆக்கிவிடாதீர்கள். பேனர், பொன்னாடை, ஒரு மணி நேர பவர்பாயிண்ட், கடைசியில் சுண்டல். அதில் யாரும் எதையும் கற்றதில்லை. இப்படி நடத்துங்கள்: கிளை நூலகத்தில் ஒரு மாலை, பத்துப் பதினைந்து பேர், அவரவர் போன், அந்த வாரம் அவரவருக்கு வந்த ஃபார்வர்டு. வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். கடைப் பலகையில் என்ன எழுத்து, வண்டி நம்பர் எந்த மாநிலம் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படத் தேடலில் போட்டால் பழைய செய்தி வந்து நிற்கும். மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம்.

வழிநடத்த நூலகர் போதும். பக்கத்தில் உள்ளூர் நிருபர் ஒருவர் உட்காரட்டும்: ஒரு செய்தியை அச்சுக்கு அனுப்பும் முன் யாருக்கெல்லாம் போன் போடுகிறார் என்று சொல்லட்டும். அவர் ஆட்சியர் அலுவலகச் செய்தியையும் கேள்வி கேட்பார். கேட்கட்டும். வந்த ஃபார்வர்டு தடுப்பூசி பற்றி என்றால் கிராம சுகாதார செவிலியர், கடன் செயலி பற்றி என்றால் வங்கிக்காரர் வரட்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இல்லாமல் இது ஊருக்குள் போகாது.

திருப்பூர், கோவை ஆட்சியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று வேறெங்கோ நடந்தவற்றின் வீடியோக்கள் பரவின. பயந்துபோய் ஊருக்குக் கிளம்பியவர்கள் உண்டு. அவர்களுக்குத் தமிழில் மறுப்பு வெளியிட்டுப் பயனில்லை. இந்தியிலும் ஒடியாவிலும் பேசுகிறவர்கள் அவர்கள் விடுதிக்கே போக வேண்டும், அதற்கு பனியன் கம்பெனி முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கதவைத் திறக்க வேண்டும்.

பெரிய நிதி கேட்கவில்லை. நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபையில் இதை ஒரு பொருளாக வையுங்கள். அதற்கு முன் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு நூலகத்திலாவது ஒரு மாலை நடத்திப் பாருங்கள். நாற்காலி போட, போர்டு எழுத என்னைப் போன்ற பழைய அறிவொளித் தொண்டர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
ஒரு பழைய அறிவொளித் தொண்டர்