மார்க்கா பள்ளத்தாக்குக்கு ஆள் திரட்டும் மலையேற்றக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊரைப் பார்த்தாலும் ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழு லடாக்குக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறது. கோடை முடிவதற்குள் போஸ்டர் வந்துவிடும். மார்க்கா பள்ளத்தாக்கு, 5,200 மீட்டரைத் தாண்டும் கொங்மாரு லா கணவாய், உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கல், எல்லாம் ஒரு சனிக்கிழமை கிளம்பி அடுத்த ஞாயிறு வீடு திரும்புவதற்குள். இதை நடத்துகிறவர்களில் லாபம் பார்க்காமல் மலைமேல் உள்ள ஆசையால் செய்கிறவர்கள் நிறைய பேர் என்பது தெரியும், அதனால் சண்டை போட எழுதவில்லை. அட்டவணையில் இரண்டு மூன்று நாள் கூட்டுங்கள், ஆள் எண்ணிக்கையைக் குறையுங்கள், கேட்பது இவ்வளவுதான்.

முதலில் உடம்பு. லடாக்கில் நாம் போய் இறங்கும் லே விமான நிலையமே ஏறக்குறைய 3,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் தொட்டபெட்டா 2,637. டெல்லியில் காலை விமானம் ஏறினால் காபி குடித்து முடிப்பதற்குள், தமிழ்நாட்டில் எங்கே ஏறினாலும் எட்டாத உயரத்தில் பையோடு இறங்கி நிற்கிறோம். வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் ஏறியவன், மாரத்தான் ஓடுகிறவன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. தெம்பு இருந்தால் உயரம் ஒத்துக்கொள்ளும் என்று எதுவும் இல்லை, சொல்லப்போனால் தெம்பு உள்ளவர்தான் வேகமாக ஏறிவிட்டு முதலில் படுக்கிறார். உடம்பு அந்த உயரத்துக்குப் பழக லேயில் முழுசாக இரண்டு நாள், முடிந்தால் மூன்று நாள் சும்மா இருக்க வேண்டும். சும்மா என்றால் சும்மாதான், நடுவில் இன்னும் உயரத்தில் இருக்கும் கார்துங் லா கணவாய்க்குப் போய் போட்டோ எடுத்துவிட்டு வருவது கணக்கில் சேராது.

3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இன்று தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. மார்க்காப் பாதையில் ஹன்கர் ஊர் 4,000 மீட்டரை ஒட்டி இருக்கிறது, நிமாலிங் மேய்ச்சல் வெளி 4,700-க்கும் மேல். உங்கள் போஸ்டர்களில் இந்த ஏற்றம் ஒரே நாளில் முடிகிறது. நடுவே தாச்சுங்ட்சேயில் ஒரு ராத்திரி தங்கினால் என்ன குறைந்துவிடும்? அப்புறம் உயரத்தால் வரும் நோயைத் தடுக்கப் போடும் அந்த டயமாக்ஸ் மாத்திரை. அதை ரேஷன் மாதிரி வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நேராக நடக்க முடியாமல் தள்ளாடுகிறவரையும் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்குகிறவரையும் "காலையில் பார்க்கலாம்" என்று படுக்க வைக்கக் கூடாது, மாத்திரை போட்டிருந்தாலும் அப்போதே கீழே இறக்கிவிட வேண்டும்.

சரி, கூட்டச் சொல்லும் நாளை எங்கே கழிப்பது? வழியில் விருந்தினரைத் தங்கவைக்கும் ஊர்க்காரர்களின் வீடுகளில்தான்.

இந்த விருந்தினர் வீடுகள் வந்த கதையே வேறு. ஆட்டுப்பட்டிக்குள் பனிச்சிறுத்தை புகுந்தால் ஒரே ராத்திரியில் ஒரு குடும்பத்தின் சொத்து போய்விடும், ஆத்திரத்தில் ஊர் சேர்ந்து அதைக் கொன்றுவிடும். லடாக்கைச் சேர்ந்த ரின்சென் வாங்சுக்கும் அவருடைய பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பும் 2000-களின் தொடக்கத்தில் மார்க்கா பள்ளத்தாக்கும் அடங்கிய ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஊர்களில் உட்கார்ந்து பேசி, சிறுத்தை இருப்பதாலேயே வீட்டுக்கு வருமானம் வருகிற மாதிரி ஏற்பாடு செய்தார்கள். விருந்தினர் வீடு வீடாக முறை வைத்துப் போக வேண்டும், எந்த வீட்டில் தங்கினாலும் ஒரே கட்டணம், அதில் ஒரு பங்கு ஊர்ப் பொதுவுக்கு. இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போனால் முதலில் உடைவது இந்த முறைதான். பெரிய வீடாகப் பார்த்து எல்லாரையும் இறக்கிவிட்டு, மொத்தமாக வருகிறோமே என்று பேரமும் பேசுவார்கள். முறைப்படி அன்றைக்கு ஆள் வரவேண்டிய வீட்டு அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்தக் குழு என்று எழுதப்போவதில்லை, படித்தால் அவர்களுக்கே தெரியும்.

அங்கே சமையலறைதான் வீட்டின் கூடம். இரும்பு அடுப்பு, சுவர் முழுக்க அடுக்கி வைத்த பித்தளை, செம்புப் பாத்திரம், தரையில் கம்பளம், முன்னால் முழங்கால் உயர மேசை. யார் எங்கே உட்காருவது என்பதற்கு ஒழுங்கு உண்டு, கண்ட இடத்தில் சாயாமல் அவர்கள் கைகாட்டும் இடத்தில் உட்காருங்கள். உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீரில் ஒரு வாய் குடித்ததும் கோப்பையை நிரப்பிவிடுவார்கள். போதும் என்றால் நிரம்பிய கோப்பையை அப்படியே வைத்திருந்து, எழும்போது குடிக்கலாம். வீட்டுக்காரியை ஆன்ட்டி என்று கூப்பிட வேண்டாம், அமா-லே என்றால் முகம் மலரும். தாத்தா இருந்தால் மேமே-லே.

நடைக்கான பாதித் தயாரிப்பு அந்த மேமே-லேயிடம்தான் இருக்கிறது. வழியில் கடக்க வேண்டிய மார்க்கா ஆறு பனி உருகி வருகிற ஆறு, காலையில் முழங்காலளவு இருப்பது மதியத்துக்கு மேல் இடுப்புக்கு வந்துவிடும். எந்தப் பாலம் போய்விட்டது, எங்கே இறங்கினால் கால் நிற்கும், எந்த ஓடைப் பக்கம் கூடாரம் போடக் கூடாது என்பதெல்லாம் உங்கள் ஜிபிஎஸ் தடத்தில் கிடையாது. 2010 ஆகஸ்டில் லேயிலும் சுற்றுப்புறத்திலும் மேகம் வெடித்து இருநூறு பேருக்கு மேல் பலியானதைப் பார்த்த தலைமுறை அவர்கள். ஆனால் இருட்டிய பிறகு தலைவலியோடு வந்து விழுந்து, விடிவதற்குள் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் கட்டி வாங்கிக்கொண்டு ஓடுகிற கூட்டம் இதை எப்போது கேட்கும்?

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். அங்கே கழிப்பறையில் தண்ணீர் கிடையாது. தரையில் ஒரு ஓட்டை, பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. போய்விட்டு இரண்டு தடவை மண் தள்ள வேண்டும், அவ்வளவுதான், நாற்றமே வராது. கீழே சேர்வது மக்கி வசந்தத்தில் பார்லி வயலுக்கு எருவாகப் போகிறது. நம் ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், ஈரத் துடைப்பானையும் நாப்கினையும் உள்ளே போடுகிறார்கள். அதைக் கையால் பொறுக்கப்போவது உங்களுக்குச் சோறு போட்ட அதே அம்மா. கழுவாமல் முடியாது என்பவர்கள் வெளியே தள்ளிப் போய், ஆற்றுக்கும் ஓடைக்கும் எட்டாத இடத்தில் குழி தோண்டிக்கொள்ளலாம், பிளாஸ்டிக்கை லே வரை பையில் சுமக்கலாம். இதைக் கிளம்பும் முன் நடக்கும் கூட்டத்தில் வெட்கப்படாமல் பேசிவிடுங்கள்.

ஊர்க்காரர்களுக்கும் பொறுமைக்கு எல்லை உண்டு. 6,000 மீட்டர் சிகரம் என்று எல்லாரும் படையெடுத்த ஸ்டோக் காங்ரியை, குடிக்கும் தண்ணீர் கெடுகிறது என்று அடிவாரத்து ஸ்டோக் ஊர்க்காரர்கள் சொன்னதன்பேரில் 2020-லிருந்து மூடிவிட்டார்கள். நிமாலிங்குக்கு மேலே நிற்கும் காங் யாட்சே பக்கம் இப்போது கூட்டம் திரும்பியிருக்கிறது.

ஆகவே அடுத்த போஸ்டர் அடிக்கும்போது: ஒரு குழுவில் ஆறு பேர், மிஞ்சினால் எட்டு. எத்தனை பேர், எந்தத் தேதி என்று லேயிலிருந்தே ஊருக்குச் சொல்லியனுப்புங்கள், வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது என்பதையும் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். ரோடு ஆண்டுக்காண்டு உள்ளே நீண்டுகொண்டிருப்பதால் ஜீப்பில் பள்ளத்தாக்கின் தொடக்கத்தில் இருக்கும் ஸ்கியு ஊரைத் தாண்டிப் போய் நடையைத் தொடங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஸ்கியுவிலேயே இறங்கித் தங்குங்கள். அந்த ஊர் லேயைவிடத் தாழ்வு, உடம்புக்கும் நல்லது, ஆள் வராமல் கிடக்கும் அந்த வீடுகளுக்கும் முறை வரும். மார்க்கா ஊரில் ஒரு நாள் முழுசாக நில்லுங்கள். செப்டம்பரில் போனால் அறுவடை நேரம், வீட்டில் ஆள் இருக்காது, வயலுக்குப் போய்க் கதிர்க்கட்டு தூக்கிக் கொடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுக்களுக்குப் பின்னால் அதே பாதையில் நடந்த ஒருவன்